பழைய கணினியில் பிரவுசர் அடிக்கடி மூடிக்கொள்கிறதா? வேலூர் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்துகிடக்கும் பழைய வடார்க்காட்டில், பத்து வயதையும் பதினைந்து வயதையும் கடந்த கணினிகள் இன்னும் நாள்தோறும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலகத்தைச் சுற்றியுள்ள டிடிபி கடைகள், மருத்துவமனைக்கு வரும் வெளிமாநிலத்தவருக்கு ரயில் டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் காந்தி ரோடு பிரவுசிங் சென்டர்கள், குடியாத்தத்துத் தறிக்கார வீடுகள், ஆம்பூரின் சிறு கணக்கு அலுவலகங்கள் ஆகிய இடங்களில் இத்தகைய கணினிகளைப் பழுதுபார்த்து வருபவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

கேள்வி: பிரவுசர் கிராஷ் ஆகிறது என்று சொன்னால் நீங்கள் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

விழுந்தது எது என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். "அண்ணே, குரோம் போயிடுச்சு, ஃபார்மட் பண்ணிக் குடுத்துடுங்க" என்று சிபியூவைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நான் கேட்கும் கேள்வியும் அதுவே. ஒரு டேப் மட்டும் செத்து மற்ற டேப்கள் நன்றாக இருந்தனவா? பிரவுசர் முழுவதுமாக மறைந்து டெஸ்க்டாப் தெரிந்ததா? அல்லது மவுஸ் கூட அசையாமல் கணினியே உறைந்து, தானாக ரீஸ்டார்ட் ஆனதா? இம்மூன்றையும் நம் பேச்சு வழக்கில் கிராஷ் என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். ஆனால் மூன்றுக்கும் காரணங்கள் வேறு.

2008இல் வெளிவந்த குரோம், வெவ்வேறு தளங்களை வெவ்வேறு புராசஸ்களாக, அதாவது தனித்தனியே ஓடும் இயக்கங்களாகப் பிரித்து இயக்கும் முறையைப் பரவலாக்கியது. இன்று எல்லாப் பெரிய பிரவுசர்களும் அப்படித்தான் இயங்குகின்றன. ஆகவே ஒரு தளம் தடுமாறினால் அதற்குரிய புராசஸ் மட்டும் மடிந்து, அந்த டேப்பில் சோக முகம் ஒன்று தோன்றும். பிரவுசர் முழுவதுமே விழுந்தால், எல்லா டேப்களுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று பொருள்: பிரவுசரின் மைய புராசஸ், திரையின் கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் மென்பொருளான டிஸ்பிளே டிரைவர், இடையில் நுழைந்திருக்கும் ஆன்டிவைரஸ், அல்லது உங்கள் வரலாறும் புக்மார்க்கும் சேமிக்கப்படும் புரொஃபைல் கோப்புகள். கணினியே உறைந்தாலோ ரீஸ்டார்ட் ஆனாலோ பெரும்பாலும் பிரவுசர் குற்றவாளி அன்று. வெப்பம், மின்சாரம், ரேம், டிஸ்பிளே டிரைவர் ஆகியவற்றில் ஒன்று முன்பே பலவீனமாக இருந்து, பிரவுசர் தந்த சுமையில் அது வெளிப்பட்டிருக்கிறது.

கேள்வி: விழுந்தபோது நான் கவனிக்கவில்லை. பிறகு கண்டுபிடிக்க வழி உண்டா?

உண்டு. விண்டோஸ் 7 முதல் எல்லாப் பதிப்புகளிலும் ரிலையபிலிட்டி மானிட்டர் என்றொரு பக்கம் இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் ரிலையபிலிட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினால் வந்துவிடும். நாள்வாரியாக எந்த நிரல் விழுந்தது, எப்போது கணினி முறையாக அணைக்கப்படாமல் நின்றது என்பதை அது சிவப்புக் குறிகளாகக் காட்டும். ஒரு சிவப்புக் குறியைத் திறந்து பார்த்தால் "ஃபால்ட் மாட்யூல் நேம்" என்ற வரியில் ஒரு கோப்பின் பெயர் இருக்கும். அப்பெயர் ஐ, ஜி, டி என்ற எழுத்துகளில் தொடங்கினால் இன்டெல் டிஸ்பிளே டிரைவரையும், என், வி என்று தொடங்கினால் என்விடியா டிரைவரையும் சந்தேகிக்கலாம். அது உங்கள் ஆன்டிவைரஸின் கோப்பாக இருந்தால் சந்தேகத்திற்கே இடமில்லை.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவேடான ஈவன்ட் வியூவரில் "கெர்னல் பவர்" என்ற பெயருடன் 41 என்ற எண் பதிவாகியிருந்தால், விண்டோஸ் முறையாக மூடப்படாமலேயே கணினி நின்றிருக்கிறது என்று பொருள். அந்நேரத்தில் பிரவுசர் திறந்திருந்தது என்பதற்காக அதை அழித்து மீண்டும் நிறுவுவதால் எப்பயனும் இல்லை.

கேள்வி: 4 ஜிபி ரேம் போட்டிருக்கிறேன். ஆறேழு டேப் திறந்தவுடனே "அவுட் ஆஃப் மெமரி" என்று வருகிறது. 4 ஜிபி போதாதா?

முதலில் உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் ஐகானின் மேல் வலது கிளிக் செய்து புராப்பர்ட்டீஸ் திறந்தால் "சிஸ்டம் டைப்" என்ற வரியில் எழுதியிருக்கும். 32 பிட் விண்டோஸ் 4 ஜிபி ரேமை முழுவதுமாகப் பயன்படுத்தாது. டிஸ்பிளே முதலிய சாதனங்களுக்கு ஒதுக்கியது போக 3 முதல் 3.5 ஜிபி வரைதான் கையில் இருக்கும். அதைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. 32 பிட் விண்டோஸில் ஒரு புராசஸ் இயல்பாக 2 ஜிபி முகவரி எல்லைக்குள்தான் இயங்க வேண்டும். கனமான ஒரு பக்கத்தை மணிக்கணக்கில் திறந்து வைத்திருந்தால், ரேமில் இடம் மீதி இருக்கும்போதே அந்த ஒரு புராசஸ் தன் எல்லையை முட்டி விழுந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், நம் ஊரில் நான் காணும் பழைய கணினிகளில் பலவற்றின் பிராசசர் 64 பிட் தகுதி உடையதுதான். கோர் 2 டுவோ, அதே காலத்து டெஸ்க்டாப் பென்டியம் டூயல் கோர் எல்லாம் 64 பிட் பிராசசர்கள். கையில் இருந்த சிடி 32 பிட்டாக இருந்தது என்ற ஒரே காரணத்தால் யாரோ என்றோ 32 பிட் விண்டோஸைப் போட்டிருப்பார்கள். ஏட்டம் என்270 போன்ற சிறு நெட்புக் பிராசசர்கள் உண்மையிலேயே 32 பிட்டோடு நின்றுவிட்டவை.

கேள்வி: பேஜ் ஃபைலை நிறுத்தினால் வேகம் கூடும் என்று ஒரு வீடியோவில் பார்த்துச் செய்தேன். அதற்குப் பிறகுதான் அடிக்கடி விழுகிறது. தொடர்பு உண்டா?

நேரடித் தொடர்பு உண்டு. ரேமுக்குத் துணையாக விண்டோஸ் டிஸ்க்கில் ஒதுக்கிக்கொள்ளும் இடம்தான் பேஜ் ஃபைல். பழைய கணினிகளுக்குச் சொல்லப்படும் யோசனைகளில் இதைவிடத் தீங்கானது இல்லை என்றே சொல்வேன்.

ஒரு நிரல் நினைவகம் கேட்கும்போது, பிற்பாடு அது உண்மையிலேயே பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், அவ்வளவையும் தந்தே தீருவோம் என்று விண்டோஸ் கணக்கில் எழுதிக்கொள்கிறது. அப்படி எழுதக்கூடிய மொத்த அளவு ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்தது. கல்யாண மண்டபத்தில் பந்திக்கு ஆள் வருமுன்பே இலைக்கு முன்பதிவு செய்வதைப் போன்றது இது. பேஜ் ஃபைலை நிறுத்திவிட்டால் அந்தக் கணக்கின் உச்சவரம்பு ரேமின் அளவோடு நின்றுவிடும். பிரவுசர்களோ தேவைக்கு அதிகமாகக் கேட்டு வைத்துக்கொள்ளும் பழக்கமுடையவை. ஆகவே டாஸ்க் மேனேஜரில் ரேம் ஒரு ஜிபி காலியாகத் தெரியும்போதே, முன்பதிவுக் கணக்கு நிரம்பிப் பிரவுசர் விழுந்துவிடும். ரேம்தான் காலியாக இருக்கிறதே, பிறகு ஏன் விழுந்தது என்று பலர் குழம்புவது இங்கேதான்.

இந்தச் சிக்கலை ஃபயர்பாக்ஸ் உருவாக்குநர்களும் எதிர்கொண்டார்கள். நினைவகம் மறுக்கப்பட்டவுடன் விழாமல், விண்டோஸ் பேஜ் ஃபைலைப் பெரிதாக்கும்வரை சற்றுப் பொறுத்திருந்து மீண்டும் கேட்கும்படி 2022இல் வெளியான 105ஆம் பதிப்பில் மாற்றினார்கள். நினைவகப் பற்றாக்குறையால் நேரும் கிராஷ்கள் அதனால் 70 விழுக்காட்டிற்கும் மேல் குறைந்ததாக மொஸில்லா தெரிவித்தது. ஆனால் பெரிதாக்கப் பேஜ் ஃபைலே இல்லையென்றால் இந்தப் பொறுமையும் வீண்தான்.

எனவே அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் பகுதியில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் விர்ச்சுவல் மெமரி என்று சென்று, அளவை விண்டோஸே முடிவு செய்யும்படி விட்டுவிடுங்கள். சி டிரைவில் குறைந்தது 10 ஜிபியாவது காலியாக வைத்திருங்கள். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் குவிந்துகிடக்கும் பழைய சான்றிதழ்களையும் கல்யாண வீடியோக்களையும் வேறு டிரைவிற்கு மாற்றினாலே பல கடைகளில் இந்த இடம் கிடைத்துவிடுகிறது.

கேள்வி: எந்த டேப் நினைவகத்தைத் தின்கிறது என்று எப்படி அறிவது?

குரோமிலும் எட்ஜிலும் ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய இரு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் பிரவுசரின் சொந்த டாஸ்க் மேனேஜர் திறக்கும். மெமரி என்ற தலைப்பின் மேல் கிளிக் செய்தால் பெரும்பசிக்காரர்கள் மேலே வந்துவிடுவார்கள். குரோமில் மெமரி சேவர், எட்ஜில் ஸ்லீப்பிங் டேப்ஸ் என்ற வசதிகளை இயக்கி வைத்தால், நெடுநேரம் பாராத டேப்கள் தாமாக உறங்கிவிடும். தானாக ஓடும் வீடியோக்களும் நான்கு பக்க விளம்பரங்களும் கொண்ட செய்தித் தளங்களைப் படித்து முடித்தவுடன் மூடிவிடுவது நல்லது. பட்டா, சிட்டா பார்க்கும் அரசுத் தளங்கள் இவற்றோடு ஒப்பிட்டால் மிக எளிமையானவை. பாவம், பழி மட்டும் அவற்றின்மேல் விழுகிறது.

கேள்வி: விண்டோஸ் 7 வைத்திருக்கிறேன். குரோம் 109க்கு மேல் அப்டேட் ஆகவில்லை. அதனால் விழுகிறதா?

விண்டோஸ் 7, 8, 8.1 ஆகியவற்றிற்கு வந்த கடைசி குரோம் 109தான். அது 2023 ஜனவரியில் வெளியானது. அடுத்த மாதம் வந்த 110ஆம் பதிப்பு விண்டோஸ் 10 முதற்கொண்டுதான் இயங்கும். ஆகவே அப்டேட் ஆகாதது உங்கள் கணினியின் பழுது அன்று. 109 என்பதற்காகவே அது விழுவதில்லை. ஆனால் அதற்குப் பிறகு கண்டறியப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகள் அதில் அடைக்கப்படவில்லை. புதிய தொழில்நுட்பத்தில் எழுதப்படும் தளங்கள் அதில் பாதி தோன்றியும் பாதி தோன்றாமலும் நிற்பது மேலும் மேலும் கூடும். விண்டோஸ் 7லேயே இருக்க வேண்டியவர்கள் ஃபயர்பாக்ஸின் 115 இஎஸ்ஆர் (நீண்டகால ஆதரவு) பதிப்பைப் பயன்படுத்துவது மேல். 2023 ஜூலையில் வந்த அப்பதிப்பிற்கான பாதுகாப்புத் திருத்தங்களின் காலத்தை மொஸில்லா அறிவித்த தேதிக்குப் பிறகும் ஒருமுறைக்கு மேல் நீட்டித்தது. எக்ஸ்பிக்கு குரோம் 49ஓடும் ஃபயர்பாக்ஸ் 52 இஎஸ்ஆரோடும் கதை முடிந்தது. எக்ஸ்பியில் இன்று இணையம் பார்க்க முயலாதீர்கள்.

பழைய விண்டோஸை விட முடியாதவர்களின் நிலைமை எனக்குத் தெரியும். கல்யாணப் பத்திரிகை அச்சகங்களில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு நிரலும் வானவில் என்ற தமிழ் எழுத்துருக்களும் இருபது ஆண்டு வேலைகளைத் தாங்கி நிற்கின்றன. அவற்றைப் புதிய கணினிக்கு மாற்றும் துணிவு பலருக்கு வருவதில்லை. அது நியாயமான அச்சம். அவர்களுக்கு நான் சொல்வது, அந்தக் கணினியை அச்சு வேலைக்கென்றே வைத்துக்கொண்டு இணைய இணைப்பை அதிலிருந்து நீக்கிவிடுங்கள் என்பதுதான். மின்னஞ்சலும் விண்ணப்பமும் வேறொரு சாதாரணக் கணினியில் நடக்கட்டும்.

விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. ஆயினும் பிரவுசர்கள் அதில் தொடர்ந்து புதுப்பிக்கப்படுகின்றன. எட்ஜ் பிரவுசருக்குக் குறைந்தது 2028 அக்டோபர் வரை விண்டோஸ் 10இல் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது.

கேள்வி: யூடியூப் பார்க்கும்போது திரை ஒரு கணம் கருப்பாகி, பிறகு பிரவுசர் மூடிக்கொள்கிறது.

டிஸ்பிளே டிரைவரைச் சந்தேகியுங்கள். கிராஃபிக்ஸ் சிப் இரண்டு விநாடிக்கு மேல் பதிலளிக்காவிட்டால் விண்டோஸ் அதன் டிரைவரை ரீசெட் செய்துவிடும். அந்தக் கருப்புத் திரை அதன் அடையாளம். குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் என்ற பிரிவிலும், ஃபயர்பாக்ஸில் ஜெனரல் பகுதியின் பெர்ஃபார்மன்ஸ் என்ற இடத்திலும் ஹார்டுவேர் ஆக்சிலரேஷனை (பிரவுசரின் வேலையில் ஒரு பகுதியைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் தரும் வசதி) நிறுத்திவிட்டு, பிரவுசரை மூடித் திறந்து இரண்டு நாள் பாருங்கள். விழுவது நின்றால் காரணம் அதுவே. கணினி தயாரிப்பாளர் தளத்தில் அந்த மாடலுக்கென்று உள்ள கடைசி டிரைவரை நிறுவிப் பார்த்து, அப்போதும் சரியாகாவிட்டால் ஆக்சிலரேஷனை நிறுத்தியபடியே விட்டுவிடலாம். டிரைவர் அப்டேட்டர் என்ற பெயரில் விளம்பரமாக வரும் நிரல்களைத் தொடாதீர்கள்.

இதில் ஒரு விலையும் உண்டு: ஆக்சிலரேஷனை நிறுத்தினால் வீடியோவின் சுமை பிராசசர்மேல் விழும். யூடியூப் பெரும்பாலும் விபி9, ஏவி1 ஆகிய வடிவங்களில் வீடியோவை அனுப்புகிறது. இன்டெல் பிராசசர்களோடு சேர்ந்து வரும் கிராஃபிக்ஸில் விபி9ஐ முழுமையாகப் பிரித்தறியும் திறன் 7ஆம் தலைமுறையிலும், ஏவி1க்கான திறன் 11ஆம் தலைமுறையிலும்தான் வந்தன. அதற்கு முந்தைய கணினிகளில் அதை நிறுத்தாவிட்டாலும் அந்தச் சுமையைப் பெரும்பாலும் பிராசசரே சுமக்கிறது. வீடியோவின் தரத்தை 480க்குக் குறைப்பது எளிய வழி. ஃபயர்பாக்ஸில் ஹெச்264இஃபை என்ற நீட்டிப்பை (பிரவுசரோடு இணைக்கும் துணை நிரல்) சேர்த்தால், பழைய கிராஃபிக்ஸ் சிப்கள் பலவும் அறிந்த ஹெச்264 வடிவத்திலேயே யூடியூப் வீடியோவைத் தரும்.

கேள்வி: கோடைக்காலத்தில் மட்டும் இந்தத் தொல்லை கூடுகிறது. இது என் கற்பனையா?

கற்பனை இல்லை. சித்திரை, வைகாசியில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகக் கடக்கும் ஊர் இது. அக்னி நட்சத்திர நாள்களில் தகரக் கூரையின் கீழ் இயங்கும் கடையில், கேபினெட்டுக்குள் நுழையும் காற்றே சூடாக இருக்கும்போது பிராசசரைக் குளிர்விக்க ஃபேனால் என்ன செய்ய முடியும்? வெப்பம் மிகுந்தால் பிராசசர் முதலில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பிரவுசர் பதிலளிக்கவில்லை என்ற செய்தி இந்தக் கட்டத்தில்தான் வரும். அதையும் மீறினால் கணினி சட்டென்று அணைந்துவிடும். காலை ஏழு மணிக்கு நன்றாக இயங்கி, பிற்பகல் இரண்டு மணிக்கு விழும் கணினியில் மென்பொருளைக் குடைந்துகொண்டிருப்பது வேண்டாத வேலை.

நம் வட்டாரத்தின் தொழில்களும் இதில் தம் பங்கைச் செலுத்துகின்றன. தறி ஓடும் வீடுகளில் பஞ்சுத் துகள், பிராசசர் ஃபேனுக்கும் அதன் கீழே வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட்சிங்க்குக்கும் இடையில் கம்பளிபோல் படிந்துவிடும். ஃபேன் சுற்றுவது கண்ணுக்குத் தெரியும். காற்று மட்டும் கீழே இறங்காது. குடியாத்தத்தில் ஒரு வீட்டில் நான் பிரித்தெடுத்த படிவத்தைக் கையில் பிடித்தபோது, அது ஒரு விளக்குத்திரிக்கட்டின் பருமன் இருந்தது. தோல் பதனிடும் இடங்களை ஒட்டி வேறொரு தொல்லை. கழிவிலிருந்து எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு செம்பையும் வெள்ளியையும் கறுக்கச் செய்யும் இயல்புடையது. அத்தகைய இடங்களில் கணினியின் உள்ளிணைப்புகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது திறந்து பார்ப்பது நல்லது.

செய்ய வேண்டியது இதுதான். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் கேபினெட்டைத் திறந்து, ஃபேன் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலும் புளோயராலும் தூசியை அகற்றுங்கள். ஹீட்சிங்க்கைக் கழற்றினால், காய்ந்துபோன பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புதிய தெர்மல் பேஸ்ட்டைக் கடுகளவுக்குச் சற்று அதிகமாக வையுங்கள். கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் சிபியூவை வைக்காதீர்கள். லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து இயக்காதீர்கள். வெப்பநிலை காட்டும் இலவச நிரல் ஒன்றில் பிராசசர் 90 டிகிரியைத் தாண்டுவது தெரிந்தால், மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டு இதை முதலில் சரிசெய்யுங்கள்.

கேள்வி: கரண்ட் போய் வந்த பிறகு பிரவுசர் திறக்கவே இல்லை, திறந்தாலும் உடனே மூடிக்கொள்கிறது.

பிரவுசர் தன் வரலாறு, புக்மார்க், குக்கீ ஆகியவற்றைச் சிறு தரவுத்தளக் கோப்புகளில் இடைவிடாமல் எழுதிக்கொண்டிருக்கும். எழுதும் நடுவில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு சிதையக்கூடும். பிரவுசரை நீக்கி மீண்டும் நிறுவினாலும் இது சரியாவதில்லை, ஏனெனில் புரொஃபைல் ஃபோல்டர் அப்படியே தங்கிவிடும்; புதிய பிரவுசர் அதே சிதைந்த கோப்பைப் படித்து அதே இடத்தில் விழும்.

குரோமில் "யூசர் டேட்டா" என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் "டிஃபால்ட்" ஃபோல்டரின் பெயரை, பிரவுசரை மூடிய நிலையில் மாற்றி வைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். ஃபயர்பாக்ஸில், ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி திறந்தால் டிரபிள்ஷூட் மோடு வரும். அதிலேயே "ரெஃப்ரெஷ்" செய்யும் வசதியும் உண்டு. ரெஃப்ரெஷ் செய்தால் புக்மார்க்கும் பாஸ்வேர்டும் தங்கும், நீட்டிப்புகள் நீங்கும். பெயர் மாற்றிய பழைய ஃபோல்டரை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் கரண்ட் போகும்போதெல்லாம் கணினி ரீஸ்டார்ட் ஆகிறதென்றால், இன்வெர்ட்டரின் பின்புறமோ முன்புறமோ யுபிஎஸ் மோடு என்றொரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபேனுக்கும் விளக்குக்கும் போதுமான சாதாரண மோடில், மின்சாரம் மாறும் இடைவெளி கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தாங்கும் அளவைவிட நீண்டுவிடலாம். அந்தச் சுவிட்சைத் தள்ளிவிட்டதிலேயே முடிந்துபோன புகார்கள் பல.

கேள்வி: நீட்டிப்புகளும் ஆன்டிவைரஸும் பிரவுசரை விழச் செய்யுமா?

செய்யும். இன்காக்னிட்டோ சாளரத்தில் நீட்டிப்புகள் பொதுவாக இயங்குவதில்லை. ஆகவே அங்கே விழாமல் சாதாரணச் சாளரத்தில் மட்டும் விழுந்தால், எல்லா நீட்டிப்புகளையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். கூப்பன் தேடித் தருவது, பிடிஎஃப் மாற்றித் தருவது என்று வரும் நீட்டிப்புகளை முதலில் நீக்குங்கள். இரண்டு ஆன்டிவைரஸ்கள் ஒரே கணினியில் இருந்தால் ஒன்றை நீக்கியே ஆக வேண்டும். விண்டோஸ் 10இல் கூடவே வரும் டிஃபெண்டர் ஒன்றே வீட்டுக்கும் சிறு கடைக்கும் போதும்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் வெவ்வேறு காரணம் காட்டி விழுகிறது. எதுவும் பிடிபடவில்லை.

அப்படியானால் ரேமைச் சோதியுங்கள். இன்று பிரவுசர், நாளை எக்ஸெல், மறுநாள் நீலத் திரை என்று காரணமின்றி இடம் மாறி விழுவது பழுதான ரேமின் குணம். பிரவுசர் நினைவகத்தை அதிகமாகப் பயன்படுத்துவதால் அதில்தான் அது முதலில் தெரியும். ரேமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, துகள்களை அகற்றி மீண்டும் பொருத்துவது நம் ஊர் மெக்கானிக்குகளின் பழைய வித்தை. அதைச் சிலர் ஏளனம் செய்வதுண்டு. ஆனால் இணைப்பில் படிந்த அழுக்குதான் காரணம் என்றால் அது வேலை செய்யும். பிறகு விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்கை இயக்குங்கள். இன்னும் நம்பகமாகச் சோதிக்க, மெம்டெஸ்ட்86+ என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் இட்டு இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும் அதைச் சிறியதென்று விட்டுவிடக் கூடாது.

இரண்டு ரேம்கள் இருந்தால் ஒவ்வொன்றாகத் தனித்தனியே போட்டுப் பாருங்கள். மதர்போர்டில் பிராசசரைச் சுற்றி நிற்கும் சிறு உருளைக் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியோ கசிந்தோ இருந்தால், ரேமின்மேல் குற்றம் சுமத்த வேண்டாம்.

கேள்வி: கணினியின் தேதி 2009 என்று காட்டுகிறது. எந்தத் தளமும் திறக்கவில்லை. இதுவும் கிராஷா?

இல்லை. மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற நாணயம் போன்ற பேட்டரி தீர்ந்துவிட்டது. தேதி தவறானால் தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களைப் பிரவுசர் ஏற்காது. பேட்டரியை மாற்றித் தேதியைத் திருத்துங்கள். ஒரு தேநீரும் வடையும் ஆகும் செலவைவிடச் சற்றுத்தான் கூடும்.

கேள்வி: எல்லாவற்றையும் ஃபார்மட் செய்துவிட்டால் ஒரே அடியாகச் சரியாகிவிடாதா?

சிதைந்த மென்பொருள்தான் காரணம் என்றால் சரியாகலாம். வெப்பம், மின்சாரம், ரேம், தேய்ந்த ஹார்ட் டிஸ்க் ஆகியவை காரணமென்றால், ஃபார்மட் செய்த மறு வாரமே அதே தொல்லை திரும்ப வரும். இடையில் நீங்கள் இழந்தது மட்டும் திரும்ப வராது. எழுத்துருக்கள், பழைய பிரிண்டரின் டிரைவர், சேமித்து வைத்த பாஸ்வேர்டுகள், டெஸ்க்டாப்பில் கிடந்த குழந்தையின் புகைப்படங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். ஒரு கடையில் பதினொரு ஆண்டு வாக்காளர் பட்டியல் வேலைக் கோப்புகள் அப்படிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கணினியின் உண்மையான பழுது எஸ்எம்பிஎஸ். ஃபார்மட் செய்யத்தான் வேண்டும் என்ற முடிவுக்கு வந்தாலும், முதலில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற நிரலில் ஹார்ட் டிஸ்க்கின் நிலையைப் பாருங்கள். "காஷன்" என்று மஞ்சளாகக் காட்டினால், அந்த டிஸ்க்கிலேயே மீண்டும் விண்டோஸைப் போடுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

கேள்வி: இரண்டாயிரம் ரூபாய்க்குள் செலவு செய்ய முடியும். ரேம் வாங்குவதா, எஸ்எஸ்டி வாங்குவதா?

2 ஜிபி ரேம் உள்ள கணினி என்றால் முதலில் ரேம். 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் முதல் சில ஆண்டுகளில் மாணவர்களுக்குக் கிடைத்த லேப்டாப்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. 2 ஜிபியோடு வந்த அவற்றை 4 ஜிபி ஆக்கி, 64 பிட் இயங்குதளம் போட்டாலே நிலைமை மாறும். 4 ஜிபி ஏற்கெனவே இருந்தால், ஹார்ட் டிஸ்க்கிற்குப் பதிலாகப் பொருத்தும் எஸ்எஸ்டி வாங்குங்கள். அதனால் ரேம் கூடாது. ஆனால் பேஜ் ஃபைல் விரைவாக இயங்குவதால், கணினி உறைந்ததுபோல் நிற்பது பெருமளவு குறையும்.

சென்னை ரிச்சி தெருவிற்கு ரயிலேறிப் போய் ரேம் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உங்கள் மதர்போர்டு ஜி41 சிப்செட் உடையதென்றால், எட்டுச் சிப் மட்டும் உள்ள 4 ஜிபி டிடிஆர்3 ரேம் அதில் பெரும்பாலும் வேலை செய்யாது. இரு பக்கமும் சேர்த்துப் பதினாறு சிப் உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். "ஜி41 சப்போர்ட்" என்று சொன்னால் கடைக்காரர்களுக்குப் புரியும். மாற்றித் தருவதாக ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், காட்பாடியிலிருந்து இரண்டாம் முறை போவது ரேமின் விலையில் பாதியைத் தின்றுவிடும்.

கேள்வி: லினக்ஸ் போட்டால் என்ன?

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் அது. பிரவுசர் மட்டுமே வேலை என்றால் தாராளமாகப் போடலாம். லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபி ரேமில் நன்றாகவே இயங்குகிறது. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். பென் டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது கூடுதல் வசதி. அப்படி இயக்கும்போதும் கணினி விழுந்தால், பழுது விண்டோஸில் இல்லை என்பதும் தெரிந்துவிடும். சோதனைக்காகவே நான் இதைப் பலமுறை செய்வதுண்டு. ஆனால் 32 பிட் பிராசசர் மட்டும் உள்ளவர்களுக்கு இந்த வாசலும் மூடிக்கொண்டு வருகிறது. லினக்ஸின் இன்னொரு வகையான டெபியனில், 12ஆம் பதிப்புதான் 32 பிட் கணினிகளில் நேரடியாக நிறுவக்கூடிய கடைசி டெபியன். 2025இல் வந்த 13ஆம் பதிப்பில் அந்த வசதி இல்லை. கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன், வானவில் எழுத்துரு ஆகியவற்றை நம்பித் தொழில் செய்பவர்கள் விண்டோஸை விட்டு வராதிருப்பதே நல்லது.

கேள்வி: நாளை மாலை விண்ணப்பத்தின் கடைசி நாள். இன்று இரவு பிரவுசர் விழுந்துகொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

இன்று இரவு எதையும் பழுதுபார்க்காதீர்கள். கணினியை அணைத்து, கேபினெட்டின் பக்க மூடியைக் கழற்றி, மேசை ஃபேனை அதன் பக்கம் திருப்பி வையுங்கள். மீண்டும் இயக்கி, அந்த ஒரு டேப்பை மட்டும் திறந்து, வேறு நிரல் எதையும் திறக்காமல் இருங்கள். புகைப்படத்தையும் கையொப்பத்தையும் கேட்கப்பட்ட கேபி அளவிற்கு முன்கூட்டியே சுருக்கி, பென் டிரைவில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பதில்களை நோட்பேடில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பக்கத்தையும் சேமித்தபின் அடுத்ததற்குச் செல்லுங்கள். பணம் செலுத்தும் பக்கத்தில் பிரவுசர் விழுந்துவிட்டால், உடனே இரண்டாம் முறை செலுத்தாதீர்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததா என்று பார்த்து, விண்ணப்பத்தின் நிலையைச் சரிபார்த்த பிறகே அடுத்த அடி எடுத்து வையுங்கள். அதுவும் முடியாவிட்டால், காலையில் கூட்டம் சேருமுன் பக்கத்திலுள்ள இ-சேவை மையத்திற்குப் போய்விடுங்கள். கணினியை அதற்கு மறுநாள் திறந்து பார்க்கலாம்.